குறைந்த செலவில் குதிரைத்திறன்

என் கணவர் ஆறு சிலிண்டர் கார் வாங்கியபோது அது ஐந்து சிலிண்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. கொச்சியில் அதை விற்றவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், அதனால்தான் விலை படிந்தது. குமுளி வழியாக இறக்கிக் கொண்டுவந்து அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியவர், இறங்கியதும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை "அடிபொளி". பிரமாதம் என்பதற்கு மலையாளத்தில் விற்றவர் சொன்ன வார்த்தை அது. வண்டியைப் பற்றி இவருக்குத் தெரிந்ததும் அந்த ஒரு வார்த்தைதான்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெளிநாட்டு வண்டிக்கு அது அப்படித்தான் எரியும் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தாராம். கண்ணை உறுத்தாமல் இருந்தால் சரி என்று இவர் அதன்மேல் ஒரு வேல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். எங்கள் ஊர் ஆண்களின் கார் ஞானம் எந்த அளவு என்று யாராவது கேட்டால் நான் அந்த ஸ்டிக்கரைத்தான் காட்டுவேன்.

வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை நிறம், நல்ல நீளம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. மூன்று பேர் கை மாறி வந்தது என்பதை வெடித்த தோல் சீட்டுகள் சொல்லின. முதல் வாரம் முழுக்க அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை சிலிண்டர். ஆறு என்றதும் தலையை ஆட்டுவார்கள். இவர் பானெட்டைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே தெரிந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அவ்வளவுதான். அந்த மூடியைச் சுற்றி நின்று அரைமணி நேரம் பேசுவார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவரைப் பற்றி நியாயமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். கடையில் அவர் வேறு ஆள். திராட்சைக்கு எந்த டிரிப்பர், வாழைக்கு என்ன அளவு குழாய் என்று வருகிற விவசாயியை உட்காரவைத்து நிதானமாகச் சொல்வார். தேவைக்கு மேல் ஒரு முழம் குழாய் விற்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கார் என்று வந்துவிட்டால் மட்டும் புத்தி புல் மேயப் போய்விடும்.

அப்படிப் போன புத்தி திரும்பியே வராமல் போனதற்குக் காரணம் போடிமெட்டு மலைப்பாதை. கணவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தனார் முறை, மேலே கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். புதிதாக ஒரு பெரிய டீசல் வண்டி எடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெள்ளைக் காரில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் வண்டி இருமி இருமி ஏறியது. பின்னால் வந்த கொழுந்தனார் சாவகாசமாக எங்களைத் தாண்டி, கண்ணாடியை இறக்கிக் கையை அசைத்துவிட்டுப் போனார். சொந்தக்காரரைப் பார்த்ததற்கு மரியாதையாக அசைத்த கை. இவருக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பி இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இதுல இன்னும் குதிரை ஏத்தணும்" என்றார்.

அந்தப் பேச்சு என் காரில் வந்து முடியும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் கார் சிவப்பு, சின்னது, மூன்றே சிலிண்டர். கல்யாணத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. கடைசித் தவணை கட்டிய அடுத்த மாதம் கல்யாணம். சின்னமனூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். காலையில் அல்லிநகரத்தில் கிளம்பினால் வீரபாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி தாண்டிச் சின்னமனூர். எழுந்ததிலிருந்து மாமியாருக்கு மாத்திரை, கணவருக்குச் சட்டினி, எல்லாருக்கும் பதில். பள்ளிக்கூடத்தில் போய் இறங்கியதும் பிள்ளைகள், தலைமையாசிரியர், மறுபடி எல்லாருக்கும் பதில். இரண்டுக்கும் நடுவில் அந்த ரோட்டில்தான் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, வயலும் தென்னந்தோப்பும் தாண்டி வருகிற காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போவேன். பாட்டுக்கூடப் போட மாட்டேன். அந்தக் கார் இல்லையென்றால் எனக்கு அந்த நேரம் இல்லை. இவ்வளவு எளிய விஷயத்தை அந்த வீட்டில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை.

போடிமெட்டிலிருந்து வந்த மறுவாரம் இவர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். போர்ட்டிகோவில் இரண்டு வண்டி நிற்க இடமில்லை. ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு வண்டி. முதலில் குறைந்த செலவில் ஆகிற வேலைகளை வெள்ளைக் காரில் செய்துவிட்டு, பிறகு என் காரைக் கொடுத்து அந்தக் காசில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டி வேகம் கூட்டுகிற டர்போ போடலாம். என்னைத் தினமும் அவரே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். வாங்க ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது. கடைக்கு வருகிற ஒரு திராட்சைத் தோட்டக்காரர், மகளுக்கு ஓட்டிப் பழக ஒரு சின்ன வண்டி வேண்டுமாம்.

"கையெழுத்து மட்டும் நீ போட்டாப் போதும்" என்றார். வண்டி என் பெயரில் இருந்தது. போடுவேனா என்று அவர் கேட்கவில்லை.

முடியாது என்றேன். சோற்றில் கிடந்த கல்லை எடுத்து ஓரமாக வைப்பதுபோல அதை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் மேற்கொண்டு சாப்பிட்டார். அவன் யோசித்துத்தான் எதையும் செய்வான் என்று மாமியார் அடுப்படியிலிருந்து சொன்னார். வேலையெல்லாம் முடிந்து கோயிலில் பூஜை போட்டதும் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று திராட்சைக்காரருக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் கிளம்பி உட்கார்ந்தபோது சீட் முன்னால் தள்ளியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் திராட்சைக்காரர் மகள் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சீட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டு ஓட்டினேன். அன்றைக்குச் சீலையம்பட்டி வரைக்கும் கண்ணாடியை இறக்கவில்லை.

குறைந்த செலவு என்றால் எங்கள் வீட்டில் தெரிந்தவரைக் கூப்பிடுவது என்று அர்த்தம். கணவரின் நண்பர் ஒருவர் வந்தார். கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். அந்த வேலையில் அவர் எப்படியோ, கார் வேலையில் அவருக்கு இருந்த ஒரே தகுதி, எதைக் கேட்டாலும் "பண்ணிரலாம்" என்று சொல்வது. இரண்டு பேரும் போனில் வீடியோ பார்த்து வேலை செய்தார்கள். வீடியோவில் இருந்தவன் ஏதோ குளிர் தேசத்துக்காரன், ஸ்வெட்டர் போட்டிருந்தான். அவன் பேசியது இருவருக்கும் புரியவில்லை. கையை மட்டும் பார்த்துச் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போர்ட்டிகோவில் இந்தக் கூத்து நடந்தது. கை துடைக்க என் பழைய துப்பட்டாக்களை எடுத்துக்கொண்டார்கள், அவை பழையவை என்று முடிவு செய்ததும் அவர்கள்தான்.

முதலில் வந்தது ஒரு டப்பா, தீப்பெட்டி அளவுக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓட்டையில் செருகினால் குதிரைத்திறன் கூடிவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. செருகினார்கள். பச்சை விளக்கு மினுக்கியது. அதற்குமேல் அது எதுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. இவர் கடைக்குப் போய்வந்து, மிதித்தால் வண்டி பாய்கிறது என்றார். மாடும் ஷேர் ஆட்டோவும் வழிமறித்து நிற்கிற அல்லிநகரம் தெருவில் அது எங்கே பாய்ந்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது பிளக். பழையதைக் கழற்றும்போது, அதன் தலையில் உட்கார்ந்து தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயில் ஒன்றை நண்பர் உடைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் புதுசு ஒன்று வாங்கிப் போட்டார்கள். போட்டதும் வண்டி உண்மையிலேயே மாறிவிட்டது. இருமல் நின்றது, நடுக்கம் நின்றது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உடைந்த அந்த இக்னிஷன் காயில் வெகுகாலத்துக்கு முன்பே செத்துப்போனது என்பதும், அந்த ஒரு சிலிண்டர் அத்தனை நாளும் சும்மா மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது என்பதும் பிறகு மதுரை மெக்கானிக் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆக, இந்த மேதைகள் வண்டிக்குச் செய்த ஒரே நல்ல காரியம் கைதவறி ஒன்றை உடைத்ததுதான். அதன் புகழும் பச்சை விளக்கு டப்பாவுக்குத்தான் போனது. ஸ்டிக்கருக்கு அடியில் மஞ்சள் விளக்கு அணைந்துபோனதை ஒருவரும் பார்க்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல கார் மிஞ்சியிருக்கும். நிறுத்துவார்களா. பெரியகுளம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் சைலன்சரின் வயிற்றை அறுத்து எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் கிணறு வெட்டுகிற கம்ப்ரசர் வண்டி நிற்கிற மாதிரி சத்தம். பக்கத்து வீட்டு அக்கா வந்து, போர் போடுகிறீர்களா, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டுவிட்டுப் போனார். சத்தம் கூடினால் சக்தி கூடிவிட்டது என்று நம்புகிற கூட்டம் இது. மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்ததால் வந்த நம்பிக்கையாக இருக்கும்.

பிறகு எடையைக் குறைத்தார்கள். ஸ்டெப்னி டயர் போயிற்று, ஜாக்கி போயிற்று, மிதியடி போயிற்று, பின்பக்கத்து ஸ்பீக்கர்கள் போயின. கழற்றியதெல்லாம் என் துணி காயப்போடுகிற இடத்தில் குவிந்தது. ஸ்டெப்னியைவிடக் கனமான தொப்பையைச் சுமந்துகொண்டு இவர் அந்தக் குவியலைத் திருப்தியோடு பார்த்தார். ஒருநாள் தன் அம்மாவிடம், இனி வெளியூர் போவதென்றால் நீ பஸ்ஸில் வந்துவிடு, வண்டியில் எடை கூடுகிறது என்று சொன்னார். மகனுக்கு எப்போதும் பரிந்துபேசுகிற மாமியார் அன்றைக்குக் குக்கர் மூடியை ஓங்கி வைத்தார்.

கடைசியாக வந்தது மூக்கு வேலை. எஞ்சின் தன் சூட்டிலேயே கிடக்கிற காற்றை இழுக்கக் கூடாது, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க வேண்டும், குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அடர்த்தி கூடினால் பெட்ரோல் நன்றாக எரிந்து சக்தி கூடும். இதை இவர் எனக்கு விளக்கினார். வருஷா வருஷம் பதினோராம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடத்தை எனக்கே விரல் நீட்டி விளக்கினார். சொன்னது சரிதான், அதை மறுக்க மாட்டேன். முன் பம்பரில் ஒரு பக்கத்துப் பனி விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையில் காற்றுக் குழாயின் வாயை வைத்தார்கள். மார்கழியில் அந்த மலைப்பாதையில் பத்தடி தூரம் தெரியாது. அதே பாதையில் வேகமாக ஏறுவதற்காகப் பனி விளக்கைக் கழற்றுகிற மூளை இவர்களுக்குத்தான் வாய்க்கும். குளிர் தேசத்துக்காரன் அலுமினியத்தில் செய்ததை இவர்கள் கடையில் கிடந்த பாசனக் குழாயில் செய்தார்கள். கறுப்புக் குழாய், வளைவுக்கு இரண்டு எல்போ, கிளிப். சொட்டுத் தண்ணீர் ஒழுகாத ஜாயிண்ட் என்று நண்பர் தட்டித் தட்டிக் காட்டினார்.

குதிரை எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளக்கிற கருவி தேனியில் இல்லை. அதனால் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தை வைத்து அளந்தார்கள். என் பிறந்த வீடு ஆண்டிபட்டியில் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார், என் எடை அன்றைக்கு மன்னிக்கப்பட்டது. எத்தனை வண்டியைத் தாண்டினோம் என்பதுதான் அளவு. தாண்டியதில் ஒன்று வைக்கோல் லாரி. இன்னொன்று பழுதாகி ஓரத்தில் நின்ற வேன், அதையும் சேர்த்துக்கொண்டார். மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா ஆண்டிபட்டியில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வாசலுக்கு வந்து வெள்ளைக் காரின் பானெட்டைத் தடவிப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ஏற்ற வண்டி என்றார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, என் காரை விற்கப் போகிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை பார்த்துச் செய்வார் என்று சொல்லிவிட்டு அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை என்றால் குழைகிற மாமனார்களில் அவரும் ஒருவர், அந்தக் குழைவுதான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் வண்டியில் பெரிய வேலை பார்த்து எடுத்தால் நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஆற்றில் இறக்கிக் கழுவித்தான் கொண்டுபோவார்கள். ஓடுகிற தண்ணீரில் நாலு சக்கரமும் நனைய வேண்டும். வீட்டுக் குழாயடியில் எத்தனை முறை கழுவினாலும் அது கழுவிய கணக்கில் வராது. டிராக்டர், ஜீப், ஆட்டோ எல்லாம் வீரபாண்டிக்குக் கொஞ்சம் மேலே முல்லைப் பெரியாற்றின் மணல் சரிவில் இறங்கி நிற்கும். வாளியில் மோந்து அடித்துக் கழுவி, மாலை போட்டு, கரையேறிக் கோயில் வாசலுக்குப் போகும். என் சிவப்புக் காரையும் ஒருமுறை அப்படி இறக்கியிருக்கிறோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் மூக்கு உயரத்தில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கிளம்பினோம். நான் வெள்ளைக் காரின் பின்சீட்டில் மாலை, எலுமிச்சை, சூடம் வைத்த தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மாமியாரை ஏற்றிக்கொண்டு நண்பர் என் காரை ஓட்டி வந்தார். சாவியை எப்போது எடுத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. பூஜை முடிந்ததும் அங்கேயே வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லித் திராட்சைக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. முக்கியமாக, கொழுந்தனாரை வரச் சொல்லியிருந்தார். அவர் தன் டீசல் வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

மேலே அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் ஆற்றில் நல்ல ஓட்டம். டிராக்டருக்கு அது முழங்கால் அளவு. தாழ்ந்த உடம்புக் காருக்கு நெஞ்சளவு. இவர் மெதுவாக இறக்கினார். பம்பர் நனைந்ததும் எஞ்சினை அணைத்திருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் கரையில் கொழுந்தனார் நிற்கிறார், சத்தம் காட்ட வேண்டாமா. மிதித்தார். கம்ப்ரசர் சத்தம் எழுந்தது, கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், உள்ளே எதுவோ இழுத்துக் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அடுத்து இரும்பில் இரும்பு மோதிய ஒரே ஒரு அடி. வண்டி நின்றுவிட்டது. இவர் சாவியைத் திருகினார். டக் என்றது. மறுபடி திருகச் சொல்லிக் கரையிலிருந்து நண்பர் கத்தினார். மறுபடி டக்.

பம்பரில் வாயை வைத்தால் ஆற்றில் அது தண்ணீரைத்தான் குடிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வண்டியை ஆற்றில் இறக்குவது எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி, அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. தண்ணீர்க் குழாயில் தண்ணீர் போனதற்கு அந்தக் குழாய் விற்கிறவரே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

டிராக்டர் ஒன்றைக் கூப்பிட்டுக் கயிறு கட்டினார்கள். கொழுந்தனார்தான் தண்ணீருக்குள் குனிந்து கயிற்றைக் கட்டினார். கேலியாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவே இவரை இன்னும் அதிகமாகக் கொன்றிருக்கும். நான் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தொடை வரை சேலை நனைய நடந்து கரையேறினேன். சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி போதும் என்றார்களே, அந்த ஒன்று இனிமேல் என்னுடையதுதான். வீரபாண்டியில் அன்றைக்கு வேண்டுதல் நிறைவேறிப் போனவர்கள் யாரும் என்னளவு சந்தோஷமாக வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். என் காரை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். திராட்சைக்காரரை இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

அந்தச் சந்தோஷம் மதுரை மெக்கானிக் வரும்வரைக்கும்தான். அவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தண்டுகள் வளைந்து, பக்கச் சுவர் விரிசல் விட்டுவிட்டது, இது இனி ஆகாது என்றார். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் இதே ஜாதி எஞ்சின் ஒன்று இருக்கிறதாம். அதை வாங்கிப் போட்டால் வண்டி ஓடும். அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். கையெழுத்துப் போட்டுத் தருகிறாயா என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் முடியாது என்றேன். அப்போது மாமியார் உள்ளேயிருந்து வந்தார்.

"ஆத்தா, ஒங்கப்பா மாப்பிள்ளைக்குன்னு சீராக் குடுத்த வண்டி அது. அத அவன் வித்தா என்ன, வச்சிருந்தா என்ன?"

எனக்கு முதலில் புரியவில்லை. அது நான் வாங்கியது, என் சம்பளத்தில் வாங்கியது என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்கிறவர்களின் முகம் இல்லை அது. நிச்சயத்தன்று சபையில் அப்பா எழுந்து நின்று நகை, கட்டில், பீரோ என்று சொல்லிவிட்டு, காரும் என்று சொல்லியிருக்கிறார். பதிவு மட்டும் மகள் பெயரிலேயே இருக்கட்டும் என்றிருக்கிறார். நான் அப்போது உள்ளறையில் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று இவர் அன்றைக்குச் சொன்னதற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் என்னைத் தன் காரை ஓட்ட அனுமதித்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருக்கிறார்.

அங்கேயே அவர்கள் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேட்கும்படி வைத்து, என் காரைச் சீர் என்று சபையில் சொன்னீர்களா என்று கேட்டேன். ஜவுளிக்கடை டிவியை அவர் அணைக்கிற சத்தம் கேட்டது.

"சபையில கேட்டாக. என்ன சொல்லச் சொல்ற? வாசல்ல நின்னுச்சு, அதையும் சேத்துச் சொல்லிட்டேன்."

தவணை கட்டியது யார் என்று கேட்டேன்.

"நீயும் நானும் வேறயாத்தா?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். மாமியார் எழுந்து உள்ளே போனார். எனக்குத் தெரியாது என்று கணவர் மெல்லச் சொன்னார். கார் விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்த முழு உண்மை அது ஒன்றுதான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுபடியும் சொன்னேன்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அவர் பையோடு வாசலில் நின்றார். போகிற வழியில் கடையில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். ஏறச் சொன்னேன். பழனிசெட்டிபட்டியில் கடை வாசலில் நிறுத்தினேன். இறங்கும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வீரபாண்டி தாண்டியதும் போன் அடித்தது. அப்பா. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. கணவரை ஒரு வருஷமாக மனசுக்குள் எவ்வளவு இளக்காரம் செய்திருக்கிறேன், அது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது. அப்பாவிடம் அந்த இளக்காரம் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் மாசாமாசம் கட்டியதை, வாசலில் நின்ற ஒரே காரணத்துக்காக, அவர் எடுத்துத் தன் கையால் கொடுத்திருக்கிறார். போன் மூன்றாம் முறை அடித்தது. எடுக்கவில்லை. முதல் பீரியட் எனக்கு இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.